படத்தை ஒல்லியாக்கிய கதை

ஹாம் ரேடியோ என்றால் மைக்கைப் பிடித்துப் பேசுகிற ஆளும், 'டிட் டா' என்று தட்டுகிற மோர்ஸ் சாவியும்தான் நம்மில் பலருக்கு ஞாபகம் வரும். வீட்டு மாடியில் ஆன்டெனா கட்டி, கேமராவை மாட்டி, இன்னொரு ஹாமுக்கு டிவி படம் அனுப்புகிறவர்களும் இருக்காங்க. இவங்களுக்காக பிரிட்டனில் 1949-லேயே ஒரு சங்கம் ஆரம்பிச்சாச்சு. பிரிட்டிஷ் அமெச்சூர் டெலிவிஷன் கிளப் என்று பேர்.

இவர்களுடைய சரித்திரத்தை ஒரே வார்த்தையில் சொல்லணும்னா, அது 'இடம்'. குரலுக்கு 3 கிலோஹெர்ட்ஸ் அகலம் போதும். பழைய அனலாக் டிவி படத்துக்கு பிரிட்டனில் 8 மெகாஹெர்ட்ஸ் வேணும். கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு படம் போகிற பாதையில் இரண்டாயிரத்து ஐநூறுக்கும் மேற்பட்ட குரல்கள் போகலாம்! பிரிட்டிஷ் ஹாம்களுக்கு 70 சென்டிமீட்டர் பேண்டில் கிடைத்ததே 10 மெகாஹெர்ட்ஸ்தான். அதுவும் ராணுவத்தோடு பங்கு. ஒருத்தர் படம் அனுப்பினால் பேண்டே நிறைஞ்சு போயிடும். மத்தவங்க முறைக்காம என்ன பண்ணுவாங்க?

படத்தை ஒல்லியாக்கணும் என்று முதலில் கிளம்பியவர் ஒரு அமெரிக்க மாணவர். கோப்தோர்ன் மெக்டொனால்ட். படம் அசையணும்கிற ஆசையை விட்டுவிட்டால் அகலம் தானாகக் குறையும் என்பது அவர் கணக்கு. 120 கோடுகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை 8 விநாடி எடுத்துக்கொண்டு மெதுவாக அனுப்பினார். குரல் போகிற பாதையிலேயே படமும் போனது. வாங்குகிற பக்கம், ஒளி சீக்கிரம் மறையாத பழைய ரேடார் குழாயில் அது தெரிந்தது. 1958-ல் 'கியூஎஸ்டி' பத்திரிகையில் இதை எழுதினார். பேர் ஸ்லோ ஸ்கேன். அமெரிக்க அரசு இதை முறைப்படி அனுமதிக்க 1968 வரை ஆச்சு.

ஆனால் ஸ்லோ ஸ்கேனில் வருவது ஃபோட்டோதானே? எதிராளி சிரிக்கிறதைப் பார்க்க முடியாது. அசையும் படமும் வேணும், அகலமும் குறையணும் என்றால் டிஜிட்டல் வர வேண்டியிருந்தது.

1990-களில் செயற்கைக்கோள் டிவிக்காக டிவிபி-எஸ் என்ற டிஜிட்டல் முறை வந்தது. படத்தைச் சுருக்கி, எண்களாக மாற்றி அனுப்புவது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் ஜெர்மன் ஹாம்கள் டிஜிட்டல் டிவியைச் சோதித்துப் பார்க்க ஆரம்பிச்சாங்க. ஆனா ஒரு சிக்கல். அனுப்புகிறவர் எவ்வளவு வேணும்னாலும் ஒல்லியாக அனுப்பலாம், வாங்குகிறவரிடம் இருப்பது கடையில் வாங்கிய சாட்டிலைட் பெட்டி ஆச்சே! அந்தப் பெட்டிகள் பெரிய சேனல்களுக்காகச் செய்தவை. விநாடிக்கு ஒன்றிரண்டு மில்லியன் சிம்பலுக்குக் கீழே போனால் பெரும்பாலானவை கையை விரித்துவிடும். ஆக, ரொம்ப வருஷம் தடையாக நின்றது ரிசீவர்தான்.

இதற்கிடையில் வெளியே இன்னொரு நெருக்கடி. மொபைல் ஃபோனுக்கு அலைவரிசைப் பசி. 2014-ல் பிரிட்டனின் ஆஃப்காம், 2350 முதல் 2390 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள துண்டை ஹாம்களிடமிருந்து எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. 3.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமும் ஒரு துண்டு போச்சு. 2018-ல் இரண்டும் ஏலத்துக்கு வந்தன. 2350-ல் தொடங்கும் அந்த 40 மெகாஹெர்ட்ஸையும் ஒரே மொபைல் நிறுவனம் வாங்கிக்கொண்டது. காசு கொடுத்து வாங்க ஆள் நிற்கும்போது, பொழுதுபோக்குக்காரனின் அகலமான பாதையை எத்தனை நாள் விட்டு வைப்பாங்க?

அதே 2014-ல் ஒரு சின்ன கதவும் திறந்தது. 146 முதல் 147 வரை ஒரே ஒரு மெகாஹெர்ட்ஸ், சோதனைக்காக, தனி அனுமதியோடு. பழைய முறையில் அதில் டிவியை நினைச்சுக்கூடப் பார்க்க முடியாது. பிரிட்டிஷ் ஹாம்கள் விநாடிக்கு 333 ஆயிரம் சிம்பலுக்கு இறங்கினார்கள். அகலம் சுமார் 450 கிலோஹெர்ட்ஸ். பழைய படத்தில் பதினெட்டில் ஒரு பங்கு! சுருக்குகிற வேலையை எச்.264 பார்த்துக்கொண்டது. ரிசீவர் சிக்கலுக்கு பிரான்சிலிருந்து விடை வந்தது. சாட்டிலைட் டியூனர் ஒன்றை யூஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டரோடு சேர்த்து, 'மினிடியூன்' என்ற மென்பொருளால் ஓட்டுவது. பெட்டி வாங்க மறுத்த ஒல்லி சிக்னலை இது வாங்கியது. அனுப்பும் பக்கம், கையகல ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டரை வைத்து பிரிட்டிஷ் கிளப் 'போர்ட்ஸ்டவுன்' என்ற டிரான்ஸ்மிட்டரை உருவாக்கியது.

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு உண்டு. வாசல் அகலமாக இருந்தால் தூசியும் அதிகமாக உள்ளே வரும் இல்லையா? ரேடியோவிலும் அப்படித்தான். ரிசீவருக்குள் வருகிற இரைச்சல் அகலத்தைப் பொறுத்தது. 4 மில்லியன் சிம்பலிலிருந்து 333 ஆயிரத்துக்கு வந்தால் இரைச்சல் பன்னிரண்டில் ஒரு பங்காகிவிடும். 10 வாட் டிரான்ஸ்மிட்டர் 120 வாட் மாதிரி வேலை செய்யும். இடமில்லையே என்று ஒடுங்கினவர்களுக்குத் தூரம் பரிசாகக் கிடைத்தது.

சும்மா கிடைக்கவில்லை, விலையும் உண்டு. படம் வந்து சேர விநாடிக்கணக்கில் தாமதம். வேகமாகக் கையை ஆட்டினால் கட்டம் கட்டமாக உடையும். அனலாக்கில் சிக்னல் குறையக் குறைய, கொட்டும் புள்ளிகளுக்கு நடுவே கண்ணைச் சுருக்கி எதிராளியின் அழைப்புக்குறியைப் படித்துவிடலாம். டிஜிட்டலில் வந்தால் முழுசா வரும், இல்லேன்னா ஒண்ணுமே இல்லை.

ஒல்லியாக்கிப் பழகினது எங்கே கைகொடுத்தது தெரியுமா? ஆகாயத்தில். கத்தார் நாட்டின் எஸ்-ஹைல்-2 செயற்கைக்கோள் 2018 நவம்பர் 15-ல் ஏவப்பட்டது. கத்தார் ஹாம் சங்கமும் ஜெர்மனியின் ஆம்சாட்டும் சேர்ந்து முயற்சி செய்து, ஹாம்களுக்காக இரண்டு டிரான்ஸ்பாண்டர்களை அதில் வைக்க வைத்தன. பூமியிலிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்கும் முதல் ஹாம் நிலையம் அதுதான். 2019 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறந்துவிட்டாங்க. அதில் டிஜிட்டல் டிவிக்கென்றே 8 மெகாஹெர்ட்ஸ். அனலாக் காலமாக இருந்தால் ஒருத்தர் வந்ததும் ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டணும். இப்போ 333 ஆயிரம் அளவில் பத்துப் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் போகலாம். ஐரோப்பா, ஆப்பிரிக்காவோடு நம்ம ஊரும் அதன் பார்வைக்குள் வருகிறது. மேற்கே திருப்பிய டிஷ்ஷும் அந்த மாதிரி ஒரு டியூனரும் இருந்தால் சென்னை மொட்டை மாடியிலிருந்தே பார்க்கலாம்.

எட்டு மெகாஹெர்ட்ஸ் வேணும் என்று பிடிவாதம் பிடித்திருந்தால், இன்னிக்கு இந்தப் பொழுதுபோக்கு அருங்காட்சியகத்தில்தான் இருந்திருக்கும். நிலம் குறையக் குறைய, அரைக் கிரவுண்டில் வீடு கட்டக் கத்துக்கிட்டாங்க. அதனால்தான் இன்னும் குடியிருக்காங்க!