ஸ்ரீநகரிலிருந்து லே எவ்வளவு தூரம்?

நான் ராணுவ சிக்னல்ஸில் லடாக்கில் இருந்தவன் என்று தெரிந்ததும், அந்தப் பக்கம் சுற்றுலா கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். சாலையில் சுமார் 420 கிலோமீட்டர். கார்கிலில் ஓர் இரவு தங்கி, இரண்டு நாளில் போகலாம். ஆகாய வழியில் 250 கிலோமீட்டர் சொச்சம். முக்கால் மணி நேரம். ஆனால் 1979 பிப்ரவரியில் அந்தத் தூரம் எனக்கு ஒன்பது நாள்.

அதைச் சொல்வதற்கு முன் 1948-க்குப் போக வேண்டும். காஷ்மீர்ப் போர் நடந்துகொண்டிருந்தது. லேயைக் காக்க விரல் விட்டு எண்ணக்கூடிய சிப்பாய்கள்தான். நடுவே பனி மூடிய ஜோஜி லா கணவாய், உயரம் 11,500 அடிக்கு மேல். குளிர்காலத்தில் அதைத் தாண்ட முடியாது என்பதுதான் எல்லோருடைய கணக்கும். பிரிதி சந்த் என்ற அதிகாரி நாற்பது பேர் போல் சேர்த்துக்கொண்டு, பிப்ரவரி 16-ம் தேதி ஸ்ரீநகரிலிருந்து நடந்தே புறப்பட்டார். லே போய்ச் சேர்ந்தது மார்ச் 8. மூன்று வாரம்! அவர்கள் சுமந்து போனதோ கொஞ்சம் துப்பாக்கிகள். இப்படி நடந்து போய் எத்தனை பேரை அனுப்ப முடியும்?

லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் சோனம் நோர்பு, ஊர் மக்களை வைத்து சிந்து நதிக்கரையில் மண்ணைச் சமன் செய்து ஓடுபாதை போட்டார். மே 24-ம் தேதி ஏர் கமடோர் மெஹர் சிங் ஒரு டகோட்டாவை அதில் இறக்கினார். கூடவே வந்தவர் ஜெனரல் திம்மய்யா. இவ்வளவு அபாயம் என்றால் நான் வரமாட்டேன் என்று சொல்கிற ஆளா அவர்! மலைகளோ டகோட்டா ஏறக்கூடிய உயரத்துக்குக் கிட்டத்தட்ட நிற்பவை. விமானத்துக்குள் காற்றழுத்த வசதியும் கிடையாது. இறங்கிய விமானத்துக்கு ஊரார் புல்லுக்கட்டு கொண்டுவந்தார்கள் என்று லே பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள். அடுத்த சில நாட்களில் கூர்க்கா வீரர்கள் விமானத்தில் வந்து இறங்கினார்கள். லே பிழைத்தது.

நவம்பர் 1-ம் தேதி ஜோஜி லாவில் டாங்கிகள் ஏறிப் போனதையும் சொல்ல வேண்டும். கோவேறு கழுதை போகும் தடத்தை அகலமாக்கி அதற்கு வழி செய்தவர்கள் மதராஸ் சாப்பர்ஸ், நம்மவர்கள். இதைச் சொல்லாமல் என்னால் இந்தப் பக்கத்தை முடிக்க முடியாது.

இனி என் கதை. அம்மா கவலைக்கிடம் என்று தந்தி வந்தபோது கணவாய் மூடியிருந்தது. விமானப்படை விமானம் ஒன்றே வழி. லேயில் மதியத்துக்கு மேல் காற்று கிளம்பிவிடும், அதனால் காலையில் மட்டுமே இறங்குவார்கள். தினமும் விடியும் முன் பெட்டியோடு ஓடுபாதைக்குப் போய் நிற்பேன். மேகம். ஆறாம் நாள் விமானத்தின் சத்தம் தலைக்கு மேலேயே கேட்டது; இறங்காமல் திரும்பிவிட்டது. ஒன்பதாம் நாள் ஏறினேன். ஸ்ரீநகரில் இறங்கியபோது கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது. அங்கிருந்து பஸ்ஸும் ரயிலுமாக இன்னும் ஐந்து நாள். தம்பிதான் கொள்ளி வைத்திருந்தான்.

இப்போது ஜோஜி லாவுக்கு அடியில் சுரங்கப்பாதை குடைகிறார்கள். அது வரும்வரை, லே போகிறவர்கள் காலை விமானத்துக்கு டிக்கெட் எடுங்கள். திரும்பும்போது இரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள்.