ஐந்தாம் ஆண்டுப் பங்கு

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் ஆளுயரத்தைத் தாண்டிய கருங்கல் ஒன்று நிற்கிறது. கி.மு. 18ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட ஹமுராபியின் சட்டங்கள் பொறித்த கல் அது. 1901-02இல் ஈரானின் சூசாவில் நடந்த அகழாய்வில் கிடைத்தது. கண்ணுக்குக் கண் என்ற தண்டனையால்தான் பலருக்கும் அந்தக் கல் தெரியும். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது தோப்பைப் பற்றிய ஏழெட்டு விதிகள். தோப்பு என்றால் அந்த நாட்டில் முதலில் பேரீச்சை. ஒருவர் தன் நிலத்தைத் தோப்பு வைக்கச் சொல்லித் தோட்டக்காரரிடம் கொடுத்தால், தோட்டக்காரர் 4 ஆண்டு மரங்களை வளர்க்க வேண்டும். ஐந்தாம் ஆண்டில் இருவரும் தோப்பைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். எந்தப் பாதி வேண்டும் என்று தேர்ந்துகொள்ளும் உரிமை நிலக்காரருக்கு. நடாமல் விட்ட இடம் இருந்தால் அது தோட்டக்காரரின் பங்கில் போய்ச் சேரும். இந்த விதிகளில் தண்ணீர்ப் பேச்சே இல்லை. வாய்க்கால் கரையைக் கவனிக்காமல் அடுத்தவர் வயலை மூழ்கடித்தவருக்கான விதிகள் அதே கல்லில் தனியாக இருக்கின்றன. தோப்பு என்று வந்ததும் சட்டம் ஆண்டுகளைக் கணக்கிடத் தொடங்கிவிடுகிறது. வெயிலும் வறட்சியுமான நாடுகளில் பழமரம் வளர்ந்த வரலாற்றை நாம் பெரும்பாலும் நீரின் வரலாறாகவே எழுதிவருகிறோம். நீர் இல்லாமல் மரம் இல்லை என்பதில் ஐயமில்லை. ஆனால் நட்ட நாளுக்கும் முதல் குலைக்கும் இடையிலுள்ள வெறும் ஆண்டுகளை யார் தாங்குவது என்ற கேள்விக்கு ஓர் ஊர் விடை கண்டிருந்ததா என்பதைப் பொறுத்தே அங்கே தோப்பு நின்றது, அல்லது அழிந்தது. பேரீச்சையின் கதை இதைத்தான் காட்டுகிறது.

பனையை அறிந்தவருக்கு இந்த மரத்தின் இயல்பை விளக்குவது எளிது. பனையைப் போலவே பேரீச்சையிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பனங்கொட்டையைப் புதைத்தவருக்கு ஆண் வந்தாலும் பெண் வந்தாலும் பெரிய நட்டமில்லை. இரண்டிலும் பதநீர் இறங்கும், இரண்டிலும் ஓலை கிடைக்கும். நுங்கு காய்க்க மனிதர் மரத்தில் ஏறி எதுவும் செய்ய வேண்டியதும் இல்லை. பேரீச்சை அப்படி விடாது. கொட்டை போட்டால் ஏறத்தாழப் பாதி ஆணாகப் போய்விடும். மிஞ்சும் பெண் மரமும் தாயின் பழத்தையே தரும் என்ற உறுதி கிடையாது. அதனால் நல்ல மரத்தின் அடியில் வெடிக்கும் பக்கக்கன்றைப் பெயர்த்து நடுவதே பழைய வழி. மரம் தன் இளமைக் காலத்தில்தான் கன்று ஈனும். பல ரகங்களில் ஆயுளுக்கும் சேர்த்துப் பத்து, இருபது கன்றுகள் கிடைத்தாலே பெரிது. நட்ட கன்று முதல் பாளை தள்ள நாலைந்து ஆண்டு ஆகும். நிறைந்த விளைச்சலைப் பார்க்க இன்னும் அத்தனை ஆண்டு வேண்டும். அதன் பிறகும் ஐம்பது பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரம் என்ற அளவில் வைத்து, பாளை வெடித்த சில நாட்களுக்குள் ஆண் பூச்சரத்தை எடுத்துக்கொண்டு ஏறி, பெண் பாளைக்குள் செருகிக் கட்ட வேண்டும். ஒரு மரத்தின் பாளைகள் ஒரே நாளில் வெடிப்பதில்லை. ஏறியவர் மறுபடியும் ஏற வேண்டும். கால் நீரிலும் தலை நெருப்பிலும் இருக்க வேண்டும் என்று இந்த மரத்தைப் பற்றி அரபு நாடுகளில் ஒரு சொல் வழங்குகிறது. அந்தச் சொல்லில் இடம்பெறாதது ஏறும் ஆளின் கை.

பாபிலோன் சட்டம் அந்தக் கையை மறக்கவில்லை. காய்த்துக்கொண்டிருக்கும் தோப்பை மகரந்தம் கட்டுவதற்காகத் தோட்டக்காரரிடம் ஒப்படைத்தால் விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு நிலக்காரருக்கு, ஒரு பங்கு தோட்டக்காரருக்கு. நம் வழக்கில் சொன்னால் இரண்டு பங்கு மேல்வாரம், ஒரு பங்கு குடிவாரம். மகரந்தம் கட்டாமல் விட்டு விளைச்சல் குறைந்தால், பக்கத்துத் தோப்பின் விளைச்சலை அளவாக வைத்துத் தோட்டக்காரர் அளந்துவிட வேண்டும். அண்டைத் தோப்பையே அளவுகோலாக எடுத்தது கூர்மையான யோசனை: அந்த ஆண்டின் வெயிலும் நீரும் இருவருக்கும் பொது, வேறுபடக்கூடியது உழைப்பு மட்டும். இன்னொரு விதி, உரியவருக்குத் தெரியாமல் தோப்பில் ஒரு மரத்தை வெட்டியவர் அரை மினா வெள்ளி கொடுக்க வேண்டும் என்கிறது. அது எவ்வளவு பெரிய தொகை என்பதை அதே கல்லை வைத்தே கணக்கிடலாம். ஒரு மினாவுக்கு 60 ஷெக்கல், ஒரு ஷெக்கலுக்கு 180 தானிய மணி எடை. அரை மினா என்றால் 5,400 மணி. கூலியாளுக்கு ஆண்டின் முதல் ஐந்து மாதம் நாளொன்றுக்கு 6 மணி வெள்ளி, மீதி மாதங்களில் 5 மணி என்று அந்தச் சட்டமே கூலி நிர்ணயிக்கிறது. ஆக ஒரு மரத்தின் விலை ஏறத்தாழ ஆயிரம் நாள் கூலி. வெட்டிய தடிக்கு எவரும் இவ்வளவு விதிக்க மாட்டார்கள். பேரீச்சை மரம் கட்டடத்துக்கு அவ்வளவு உயர்ந்ததும் அல்ல. மரத்துக்குள் அடைந்து கிடந்த ஆண்டுகளுக்கான விலை அது என்றுதான் நான் படிக்கிறேன்.

என் வாதத்துக்கு முதல் மறுப்பு ஈராக்கின் பஸ்ராவிலிருந்து வரும். ஷத்துல் அரபு ஆற்றங்கரை உலகின் மிகப் பெரிய பேரீச்சைக் காடுகளில் ஒன்றாக இருந்ததற்குக் காரணம் ஒப்பந்தமா, ஆறா? அங்கே கடல் ஏற்றம் ஆற்றின் நன்னீரைப் பின்னுக்குத் தள்ளும். நாளுக்கு இருமுறை ஓடைகள் தாமே நிரம்பித் தோப்புக்குள் நீர் பாயும், இறைக்கிற வேலையே இல்லை. இயற்கை இவ்வளவு கொடுத்த இடத்தில் சட்டத்தைப் பேசுவது மிகை என்று ஒருவர் சொல்லலாம். மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் ஏற்றம் தானாக வந்தாலும் பாளை தானாகக் கருக்கொள்வதில்லை, ஓடைகள் தாமே தூர் வாரிக்கொள்வதும் இல்லை. நீர் இருந்தும் காலம் அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் அதே கரையில் பார்க்கிறோம். 1980 முதல் 1988 வரை நடந்த ஈரான், ஈராக் போரின் முன்னணி அந்தத் தோப்புகளுக்கு ஊடாகவே ஓடியது; இலட்சக்கணக்கான மரங்கள் அழிந்தன. மேலே அணைகள் பெருகி ஆற்றுநீர் குறைந்ததும் கடல் உப்பு ஏறியதும் பிற்பாடு மீட்சியைக் கடினமாக்கின என்பது உண்மை. ஆயினும் எட்டு ஆண்டுப் போர் என்பது கன்று காய்ப்புக்கு வரும் காலத்தைப் போல இரு மடங்கு. அந்த இடைவெளியில் குடிபெயர்ந்த குடும்பத்துக்குத் திரும்பிவந்து கன்று நட நீர் மட்டும் போதுமா? காத்திருக்கும் அந்த ஆண்டுகளைப் பங்கிடுவதற்கு, வட ஆப்பிரிக்காவில் வழங்கும் மாலிகி என்ற இஸ்லாமியச் சட்ட மரபு, நிலம் ஒருவருடையதும் நடவு மற்றவருடையதுமாக இருந்து, மரம் பலனுக்கு வந்ததும் பங்கு பிரித்துக்கொள்ளும் ஒப்பந்தத்தை முகாரஸா என்ற பெயரில் விரிவாகப் பேசுகிறது. ஹமுராபியின் விதிக்கும் இதற்கும் இடையே மொழி, மதம், அரசு எல்லாம் மாறிவிட்டன. மரம் மாறவில்லை, அதனால் ஒப்பந்தத்தின் வடிவமும் பெரிதாக மாறவில்லை.

நீரே அரிதான ஓமானுக்குப் போனால் என் வாதம் இன்னும் தெளிவாகும். மலையடிவாரத்தில் தாய்க்கிணறு வெட்டி, அங்கிருந்து மெல்லச் சரியும் சுரங்கத்தை நிலத்தடியில் கிலோமீட்டர் கணக்கில் குடைந்து, இறைக்காமலே நீரை ஊருக்குக் கொண்டுவரும் அமைப்புக்கு அங்கே ஃபலஜ் என்று பெயர். எல்லா வகை ஃபலஜ்களையும் சேர்த்துச் சுமார் 3,000 இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன. ஐந்தை 2006இல் யுனெஸ்கோ உலக மரபிடங்களாக அறிவித்தது. சுரங்கத்தின் பொறியியலைப் புகழ்பவர்கள் ஏராளம். சுரங்கவாயிலுக்குக் கீழே நடப்பதுதான் என்னைக் கவர்கிறது. நீர் அளவால் அல்லாமல் நேரத்தால் பங்கிடப்படுகிறது. ஏறத்தாழ அரை மணி நேரம் ஓர் அதர். பகலில் கழியின் நிழலையும் இரவில் விண்மீன்களின் உதயத்தையும் வைத்து முறை மாற்றினார்கள். சில பங்குகள் ஃபலஜின் சொந்தச் சொத்து. அவற்றை ஏலம் விட்டு வரும் பணத்தில் சுரங்கத்தைப் பழுது பார்ப்பார்கள். நம் ஏரிகளில் நீர்க்கட்டியும் முறைப்பாசனமும் குடிமராமத்தும் சேர்ந்து செய்த வேலை இது. எல்லாவற்றிலும் நுட்பமான ஏற்பாடு ஒன்று உண்டு. நிலையான நீர்ப்பங்கு மரங்களுக்கு. அவை ஊரை ஒட்டி முதலில் நிற்கும். கோதுமை போன்ற பருவப் பயிர்களின் நிலம் அதற்கப்பால் கடைமடையில் கிடக்கும். நல்ல மழை பெய்த ஆண்டில் அங்கும் நீர் போகும், வறண்ட ஆண்டில் அந்த நிலம் தரிசாகும். அதாவது பஞ்சம் வருமுன்பே, பஞ்சம் வந்தால் எதைக் கைவிடுவது என்று ஊர் முடிவு செய்து வைத்திருந்தது. கோதுமை ஓராண்டுப் பயிர், அடுத்த ஆண்டு மீளும். மரம் பட்டுப்போனால் பத்தாண்டு போகும். நீரைக் கண்டுபிடித்ததைவிட இந்த முடிவே பெரிய கண்டுபிடிப்பு என்பது என் கருத்து.

இனி என் வாதத்தை உண்மையில் சோதிக்கும் மறுப்பு. ஓமானின் பாத்தினா கடற்கரையில் ஃபலஜ் குறைவு, கிணறுதான். மாடு சரிவில் இறங்க, தோல் பை மேலே வரும். அதை அவர்கள் ஸஜ்ரா என்பார்கள். நம் கவலை ஏற்றத்தின் உடன்பிறப்பு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கச் சந்தைக்கு மஸ்கட் பேரீச்சை கப்பல் கப்பலாகப் போனபோது, அந்தக் கிணறுகளில் நீர் இறைத்தவர்களில் பெரும் பகுதியினர் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். வரலாற்றாசிரியர் மேத்யூ ஹாப்பர் 2015இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக நிறுவியிருக்கிறார். அங்கே பங்கும் இல்லை, ஐந்தாம் ஆண்டும் இல்லை; தோப்பு மட்டும் நின்றது. அப்படியானால் நியாயமான ஒப்பந்தம் இல்லாமலும் தோப்பு வளரும் அல்லவா? வளரும். இதை மறுக்க நான் முயலவில்லை. காத்திருப்பின் சுமையை யாரேனும் தாங்கியே ஆக வேண்டும் என்பதுதான் என் கூற்று. சட்டம் அதை இருவருக்குப் பங்கிடலாம், ஊர் அனைவருக்கும் பங்கிடலாம், அல்லது வலியவர் அதை எளியவர் முதுகில் முழுவதும் ஏற்றிவிடலாம். பழத்தை மட்டும் பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றாகவே தெரியும். அதனால்தான் தோப்பின் வரலாற்றை நீரை மட்டும் வைத்து எழுதுவது தவறு மட்டுமல்ல, கொடுமையும்கூட என்று நினைக்கிறேன். அப்படி எழுதப்பட்ட பக்கங்களில் பாத்தினாவின் கிணற்றடி மனிதர்கள் இல்லாமல் போகிறார்கள்.

மஸ்கட் பேரீச்சையின் அமெரிக்கச் சந்தை பிற்பாடு சரிந்தது; அதில் கலிபோர்னியாவுக்கும் பங்குண்டு. அமெரிக்க வேளாண் துறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே கோச்செல்லா பள்ளத்தாக்கில் பேரீச்சையை வளர்த்துப் பார்த்தது. பணமும் அறிவியலும் இருந்தால் பழைய ஏற்பாடுகள் தேவையில்லை என்பதற்குக் கலிபோர்னியாவையே சான்று காட்டுவோர் உண்டு. ஆனால் இன்று உலகெங்கும் விற்கும் மெஜூல் என்ற ரகத்தின் கதையைப் பாருங்கள். மொராக்கோவில் பயூத் என்ற பூஞ்சை நோய் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே தோப்புகளைத் தின்றுகொண்டிருந்தது. மட்டை வெளுத்து மரம் சாகும். வெண்மையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது. ஒரே தாயின் கன்றுகள் என்பதால் ஒரு மரத்துக்கு எதிர்ப்பு இல்லையென்றால் தோப்பு முழுவதற்கும் இல்லை. மொராக்கோ மட்டும் ஒரு கோடி அளவில் மரங்களை இழந்தது. 1927இல் வால்டர் ஸ்விங்கிள் என்ற தாவரவியலாளர் அங்குள்ள பூதெனிபிலிருந்து 11 மெஜூல் கன்றுகளை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். நோய் ஒட்டியிருக்கலாம் என்ற அச்சத்தில் அவற்றை மற்றப் பேரீச்சைகளுக்கு எட்டாத நெவாடாவில் தனியே நட்டார்கள். 9 பிழைத்தன. 1936இல்தான் அவை கலிபோர்னியாவின் இண்டியோவுக்கு வந்தன. ஒன்பது ஆண்டு ஒன்பது தாய்மரங்களைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தவர்கள் யார்? செலவைத் தாங்கியது அரசு. இங்கும் காத்திருப்பு மறையவில்லை, அதன் கணக்கு வேறொருவர் பேரில் எழுதப்பட்டது. கோச்செல்லாவில் இன்றும் ஆள் ஏறித்தான் மகரந்தம் போடுகிறார், முள் வெட்டுகிறார், குலைக்கு உறை கட்டுகிறார்.

இந்தியாவில் பேரீச்சைக்கு நெடுநாள் இடம் கச்சு. அங்கே தொல்லை தருவதே மழைதான். பழம் முழுதாகக் கனியும் முன் பருவமழை வந்துவிடுவதால், மஞ்சளும் சிவப்புமான செங்காய்ப் பருவத்திலேயே வெட்டி, காரேக் என்று விற்றுவிடுகிறார்கள். பெரும்பாலும் கொட்டையிலிருந்து வந்த மரங்கள். அதனால் தோப்புக்குத் தோப்பு சுவை வேறு; ஒரு நோய் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் கொண்டுபோகும் ஆபத்தும் குறைவு. இப்போது குஜராத்திலும் ராஜஸ்தானிலும் ஆய்வகத்தில் திசு வளர்ப்பு முறையில் உருவான கன்றுகள் அரசு மானியத்தோடு நடப்படுகின்றன. பெண் மரம் என்பது உறுதி, தாயின் பழம் என்பதும் உறுதி, பக்கக்கன்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சொட்டுநீர் மரத்தடிக்கே போகிறது. கன்றின் தட்டுப்பாட்டையும் நீரின் தட்டுப்பாட்டையும் இவ்வளவு தூரம் தீர்த்த பிறகும் முதல் விளைச்சலுக்கு மூன்று, நான்கு ஆண்டு ஆகத்தான் செய்கிறது. மானியமும் தோட்டக்கலைக் கடனும் பட்டா வைத்திருப்பவரை நோக்கியே வருகின்றன. சொந்த நிலம் உள்ளவர் அந்த ஆண்டுகளைக் கடந்துவிடுவார். வாய்ப்பேச்சாக ஓராண்டுக் குத்தகைக்கு நிலம் பிடித்தவர் கம்பு விதைக்கிறார், ஆமணக்கு விதைக்கிறார். அறுவடை முடிந்ததும் நிலத்தைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிட்டுப் போக வேண்டிய பயிர் அது. பாபிலோன் தோட்டக்காரருக்கும் சொந்த நிலம் இருக்கவில்லை. ஐந்தாம் ஆண்டில் தோப்பில் பாதி தன்னுடையது என்று கல்லில் எழுதியிருந்தது. இவருக்கு ஒரு துண்டுத் தாளிலும் அப்படி எதுவும் எழுதியில்லை.