184உம் 137உம்: திருகோணமலை வாக்கெடுப்பை யாருடைய குரலாக வாசிப்பது?

2024 ஜனவரி 21ஆம் திகதி இலங்கைத் தமிழரசுக் கட்சியின் பொதுச்சபை தன் தலைவரைத் தெரிந்தபோது திருகோணமலை நகர மண்டபத்தில் எண்ணப்பட்ட வாக்குகளைப் பற்றி எழுதியவர்கள் பல விடயங்களில் முரண்பட்டாலும் ஒன்றில் ஒத்துப்போகிறார்கள். சிறீதரனுக்கு 184, சுமந்திரனுக்கு 137 என்ற முடிவு அந்தக் கட்சியின் அடிமட்டத்திலிருந்து எழுந்த குரல் என்பதே அது. அந்தக் குரலை மெச்சுகிறவர்களும் உண்டு. கடும்போக்கின் மீள்வரவு என்று அஞ்சுகிறவர்களும் உண்டு. ஆனால் அது அடிமட்டத்தின் குரல்தானா என்று நின்று கேட்டவர்கள் குறைவு. இக்கட்டுரை அந்தக் கேள்வியோடு நிற்கிறது.

இந்த வாசிப்புக்குப் பக்கபலமாக வைக்கப்படக்கூடிய ஒரு கணக்கு உண்டு. பார்த்தவுடன் மனம் சாய்ந்துவிடும் கணக்கு அது. ஒரு காலத்தில் நானும் சாய்ந்தேன். 2015 பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் சிறீதரன் 72,058 விருப்பு வாக்குகளும் சுமந்திரன் 58,043 விருப்பு வாக்குகளும் பெற்றார்கள். இருவரின் வாக்குகளையும் கூட்டி, அதில் சிறீதரனின் பங்கைப் பார்த்தால் 55.4 வீதம். 2020இல் சிறீதரன் 35,884, சுமந்திரன் 27,834; பங்கு 56.3 வீதம். திருகோணமலையில் 321இல் 184, பங்கு 57.3 வீதம். மூன்று புள்ளிகளையும் ஒரு கோட்டால் இணைத்துவிடலாம். வாக்காளர் எப்படியோ பொதுச்சபையும் அப்படியே, கொழும்பில் செல்வாக்குள்ளவரை ஊரில் செல்வாக்குள்ளவர் வென்றார் என்று கதை தானாகவே முடிந்துவிடுகிறது.

இந்தக் கோடு பொய்க்கோடு என்பதே என் வாதம்.

வாக்குச்சீட்டைக் கொஞ்சம் கிட்டவாகப் பார்ப்போம். கட்சிகளின் பெயர்களும் சின்னங்களும் நிரையாக இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே பெட்டிகளில் வேட்பாளர் இலக்கங்கள். தமிழரசுக் கட்சியின் வாக்காளர் முதலில் அதன் சின்னமான வீட்டுக்கு நேரே ஒரு புள்ளடி போடவேண்டும். பிறகு, விரும்பினால் மட்டும், மூன்று இலக்கங்கள் வரை புள்ளடி போடலாம். ஒன்றோடு நிறுத்தலாம், ஒன்றுமே போடாமலும் மடித்துப் பெட்டியில் போடலாம். 2020இல் ஏழு ஆசனங்களுக்காக வீட்டுச் சின்னத்தில் நின்றவர்கள் பத்துப் பேர். அவர்களுக்குள் சிறீதரனுக்கும் சுமந்திரனுக்கும் ஒரே சீட்டில் புள்ளடி போட்டவர்கள் எத்தனை பேர் என்பதை எந்த முடிவுத்தாளும் சொல்வதில்லை. ஒரே கையால் இருவருக்கும் விழுந்த புள்ளடியை இருவருக்கும் இடையிலான போட்டியின் அளவுகோலாகக் கொள்வது எப்படி? திருகோணமலையிலோ ஓர் ஆளுக்கு ஒரு வாக்கு. ஒருவருக்குப் போட்டால் மற்றவருக்கு இல்லை. விருப்பு வாக்கையும் பொதுச்சபை வாக்கையும் ஒரே கோட்டில் வைப்பது மரக்கறியைப் படியால் அளப்பது போன்றது.

அந்த இலக்கங்களிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று இருக்கிறது. 2020இல் வீட்டுக்கு விழுந்த மொத்த வாக்குகள் 112,967. இருவரின் விருப்பு வாக்குகளின் கூட்டுத்தொகை 63,718. இருவருக்கும் சேர்த்துப் புள்ளடி போட்டவர் ஒருவர்கூட இல்லை என்று வைத்துக்கொண்டால், இருவரையுமே தொடாதவர்கள் 49,249 பேர். சுமந்திரனுக்குப் போட்ட அத்தனை பேரும் சிறீதரனுக்கும் போட்டார்கள் என்று மறுகரைக்குப் போனால், இருவரையும் தொடாதவர்கள் 77,083 பேர். உண்மை இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. அதாவது வீட்டுக்கு வாக்களித்தவர்களில் ஆகக் குறைந்தது 44 வீதத்தினர், ஆகக் கூடியது 68 வீதத்தினர், இந்த இருவரில் எவரையும் தெரிந்தெடுக்கவில்லை. 2015க்கும் இதே கணக்கைப் போடலாம். அப்போது வீட்டுச் சின்னத்தில் நின்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பெற்ற 207,577 வாக்குகளில் இந்தப் பங்கு 37 வீதத்துக்கும் 65 வீதத்துக்கும் இடையில் வருகிறது.

இதற்கு மேல் ஊகம் எதுவும் தேவையில்லை. கூட்டலும் கழித்தலும் போதும். பின்னாளில் கட்சியின் இரு துருவங்கள் என்று எழுதப்பட்ட இருவருக்கும் இடையில் அந்தக் கட்சியின் வாக்காளர் கூட்டம் பிரிந்து நிற்கவில்லை. பெரியதொரு பகுதி இருவருக்கும் வெளியே நின்றது. அவர்களில் எத்தனையோ பேர் கூட்டமைப்பின் பங்காளியான புளொட்டின் சித்தார்த்தனுக்குப் போட்டிருப்பார்கள். 23,840 விருப்பு வாக்குகளோடு அந்தப் பட்டியலின் மூன்றாவது ஆசனம் அவருக்குக் கிடைத்தது. ஆக, 'அடிமட்டம்' இருவரில் ஒருவரைத் தெரிந்தது என்பதற்கு விருப்பு வாக்குச் சான்று என்று ஒன்று கிடையாது.

இன்னொரு இடறலும் உண்டு. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் என்பது குடாநாடு மட்டும் அன்று. பதினொரு தொகுதிகளில் கிளிநொச்சியும் ஒன்று. விருப்பு வாக்குகள் மாவட்ட அளவிலேயே அறிவிக்கப்படுவதால், கிளிநொச்சியை நீக்கிவிட்டுக் குடாநாடு யார் பக்கம் நின்றது என்று பார்க்க வழியில்லை. பொதுச்சபையிலோ திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, வன்னி, கொழும்பு எல்லாம் இருந்தன. யாழ்ப்பாண வாக்காளரின் 56.3 வீதத்தையும் வடக்குக் கிழக்கு முழுவதிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்த 321 பேரின் 57.3 வீதத்தையும் ஒட்டிவைப்பது தற்செயலை உறவாக்குவதாகும்.

சிறீதரன் 'வாய்ப்புக் குறைந்தவர்' என்ற பேச்சையும் இங்கே தொட்டாக வேண்டும். எளியவர் ஒருவரைத் தொண்டர்கள் தோளில் தூக்கிவந்தார்கள் என்ற சித்திரம் வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2015இலும் 2020இலும் கட்சிப் பட்டியலில் ஆகக் கூடிய விருப்பு வாக்குகளைப் பெற்றவர் எந்த அளவுகோலால் எளியவர் ஆனார்? அதிபராக இருந்து 2010இல் பாராளுமன்றம் போனவர் அவர். அதே ஆண்டு தேசியப் பட்டியலால் போனவர் சனாதிபதி சட்டத்தரணி சுமந்திரன். 2015க்குப் பிந்திய அரசியலமைப்பு முயற்சியிலும் அரசாங்கங்களுடனான பேச்சுகளிலும் தூதரகங்களிலும் கட்சியின் முகமாகத் தெரிந்தவர் இரண்டாமவர். கொழும்பிலிருந்து பார்த்தால் அவர்தான் இயல்பான அடுத்த தலைவர். மற்றவர் எளியவராகத் தெரிந்ததற்குப் பார்த்தவர் நின்ற இடமே காரணம். கிளிநொச்சியின் பரந்தனில் நின்று பார்த்திருந்தால் சித்திரம் தலைகீழாகியிருக்கும்.

அப்படியானால் அந்த 321 பேர் யார்? என் பதில் வேறொரு 21ஆம் திகதியிலிருந்து தொடங்குகிறது.

2023 ஜனவரி 21, நண்பகல். உள்ளூராட்சித் தேர்தலுக்கான வேட்புமனுக்கள் ஏற்பது அந்த நேரத்தோடு முடிந்தது. தமிழரசுக் கட்சி கூட்டமைப்பின் பங்காளிகளை விட்டு அந்தத் தேர்தலில் தனித்து நிற்பதென்று முடிவெடுத்திருந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் மாநகர சபை ஒன்று, நகர சபைகள் மூன்று, பிரதேச சபைகள் பதின்மூன்று. கிளிநொச்சியில் பிரதேச சபைகள் மூன்று. ஒவ்வொன்றுக்கும் வட்டாரம் வட்டாரமாக ஆள் தேடிக் கையெழுத்து வாங்கி, கட்டுப்பணம் கட்டி, பட்டியல் கொடுத்தார்கள். தேர்தல் மார்ச் 9 என்று குறிக்கப்பட்டிருந்தது. பணமில்லை என்றது திறைசேரி, வாக்குச்சீட்டு அச்சாகவில்லை, தேர்தல் நடக்கவில்லை. மார்ச் 19ஆம் திகதி இருந்த சபைகளும் கலைந்தன. வேட்புமனுக் கொடுத்த அரச ஊழியர்கள் வேலைக்குத் திரும்பவும் முடியாமல், வேட்பாளராக நிற்கவும் முடியாமல் தத்தளித்தது அப்போது நாடு முழுவதும் பேசப்பட்டது. வடமாகாண சபையோ 2018 ஒக்ரோபரிலேயே முடிந்துபோயிருந்தது.

உள்ளூராட்சித் தேர்தலுக்கு 2018இல் வந்த கலப்புமுறை இந்த ஆட்களை எப்படி மாற்றியிருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. அதற்கு முன் சபை உறுப்பினர் விருப்பு வாக்குப் பட்டியலில் ஒரு பெயர். 2018க்குப் பிறகு நூறில் அறுபது பேர் ஒரு வட்டாரத்துக்கு உரியவர்கள். ஒழுங்கைக்குக் கிரவல் போடுவது, எரியாத வீதி விளக்கு, சனசமூக நிலையத்தின் பத்திரிகைக் காசு, வெள்ளவாய்க்காலை மறித்துக் கட்டிய மதில் எல்லாம் ஒரே ஆளின் படலையில் வந்து நின்றன. அந்த ஆளிடமிருந்து 2023 மார்ச்சில் சபை போனது. படலைக்கு வருகிறவர்கள் போகவில்லை. கையில் மிஞ்சியது கட்சிக் கிளை மட்டும். கிளையின் வழியாகக் கிடைத்த ஒரேயொரு வாக்கு, வேட்புமனு நாளிலிருந்து சரியாக ஓராண்டு கழித்து, திருகோணமலையில்.

ஆகவே 184உம் 137உம் மக்களின் வாக்கும் அல்ல, கொள்கை வாக்கெடுப்பும் அல்ல. வேறு எல்லா வாக்கும் மறுக்கப்பட்டிருந்த இடைநிலைக் கட்சிக்காரர்களின் வாக்கு என்று அதை வாசிக்கவேண்டும். அவர்களுக்குத் தேவைப்பட்டவர் செத்தவீட்டுக்கும் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கும் வரக்கூடியவர், தொலைபேசி எடுத்தால் பதில் சொல்லக்கூடியவர். அரசியலமைப்பு வரைவு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், சபை இல்லாத வட்டாரக்காரர் அதைக் கொண்டுபோய் எந்தப் படலையில் கொடுப்பார்? இது ஓரளவு ஊகம்தான். 137 பேரும் கொழும்பிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் அல்லர். அவர்களிலும் வட்டாரக்காரர்கள் இருந்திருப்பார்கள். நான் சொல்வது சாய்வைப் பற்றி மட்டுமே.

ஆயினும் இந்த ஊகத்துக்கு அடுத்த வாரமே ஒரு சான்று தந்தது. மோதல் கொள்கை பற்றியதாக இருந்திருந்தால், வென்ற தரப்பும் தோற்ற தரப்பும் தீர்மானத்தின் சொற்களில் மோதியிருக்கவேண்டும்: சமஷ்டியா, சுயநிர்ணயமா, பதின்மூன்றாம் திருத்தமா என்று. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஜனவரி 27ஆம் திகதிச் சர்ச்சை பொதுச்செயலாளர் பதவி யாருக்கு என்பதைப் பற்றியது. மறுநாள் நடக்கவிருந்த தேசிய மாநாடு பிற்போடப்பட்டது. பெப்ரவரியில், தெரிவுகள் யாப்புக்கு இசைந்தவையா என்ற கேள்வி திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனது. பதவி, யாப்பு, வாக்குரித்து. இடம் இழந்தவர்கள் இடத்தைப் பற்றித்தான் வழக்காடுவார்கள்.

அதே ஆண்டு செப்ரெம்பர் முதலாம் திகதி வவுனியாவில் கூடிய மத்திய குழு சனாதிபதித் தேர்தலில் சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதென்று முடிவெடுத்தபோது, தலைவராகத் தெரிவானவர் தமிழ்ப் பொதுவேட்பாளர் அரியநேத்திரனின் பக்கம் நின்றார். பொதுச்சபையில் வென்றவரால் மத்திய குழுவைத் தன் பின்னால் கொண்டுவர முடியவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் சஜித்துக்கு 121,177, அரியநேத்திரனுக்கு 116,688. இதில் எந்தப் பக்கத்தையும் திருகோணமலையின் 57 வீதத்தோடு பொருத்திப் பார்க்க முடியாது.

நவம்பர் பாராளுமன்றத் தேர்தலை இன்னும் கவனமாகக் கையாளவேண்டும். வீட்டுக்கு யாழ்ப்பாணத்தில் விழுந்தவை 63,327 வாக்குகள். சிறீதரன் ஒருவரே வென்றார், சுமந்திரன் தோற்றார், தேசிய மக்கள் சக்தி 80,830 வாக்குகளோடு மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை எடுத்தது. 2020ஐ விட வீடு இழந்தவை 49,640 வாக்குகள். மேலே நான் கண்ட 49,249 என்ற தொகைக்கு இது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று வாசகர் கவனித்திருப்பார். நானும் கவனித்தேன், ஓர் இரவு தூக்கமும் போனது. இருவரையும் தொடாதவர்கள் அப்படியே எழுந்து போய்விட்டார்கள் என்று எழுத ஆசைதான். ஆனால் பிறருடைய தற்செயலைக் கண்டித்துவிட்டு என்னுடையதைக் கொண்டாட முடியாது. பங்காளிக் கட்சிகள் பிரிந்தது, வாக்களிப்பு வீதம், புதியவர்கள் மேல் விழுந்த ஆசை எல்லாம் அந்த இலக்கத்துக்குள் கலந்திருக்கின்றன. ஒன்று மட்டும் சொல்லலாம்: பத்து மாதத்துக்கு முன் திருகோணமலையில் எழுந்தது அடிமட்ட அலை என்றால், நவம்பரில் அது கரைக்கு வந்ததாகத் தெரியவில்லை.

சுமந்திரன் கிறிஸ்தவர் என்று மதத்தைக் கொண்டு இந்த முடிவை விளக்குகிறவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. தன் நிறுவகரும் கிறிஸ்தவருமான செல்வநாயகத்தைத் தந்தை என்று அழைத்த கட்சி இது. புலம்பெயர் பணம் என்ற விளக்கமும் இரகசிய வாக்கெடுப்பின் முன் எடுபடாது. எந்தக் காசு எந்தப் புள்ளடியாக மாறியது என்று காட்டாதவரை அது தேநீர்க்கடைப் பேச்சு.

நியாயமான ஆட்சேபம் வேறு ஒன்று. பொதுச்சபை உறுப்பினர்களில் எத்தனை பேர் 2023 ஜனவரியில் வேட்புமனுக் கொடுத்தவர்கள், எத்தனை பேர் முன்னாள் சபை உறுப்பினர்கள் என்று நான் எண்ணிக்காட்டவில்லை. என் வாதத்தின் மெலிந்த இடம் இதுதான். ஆனால் எண்ணக்கூடிய இடமும் இதுதான். வேட்புமனுப் பட்டியல்கள் இரகசியமானவை அல்ல. அன்று மண்டபத்துக்குள் வாக்களித்தவர்கள் யார் என்பது கட்சிக்குத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர் பெயராகக் கோடிட்டால், தொகுதி தொகுதியாக என் கூற்று நிற்கும் அல்லது விழும். உள்ளூராட்சித் தேர்தலை நடத்தாமை அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட்டில் தீர்ப்பளித்தது. 2025 பெப்ரவரியில் நிறைவேறிய விசேட ஏற்பாடுகள் சட்டத்தோடு அந்தப் பழைய வேட்புமனுக்கள் செல்லாதனவாயின. மார்ச்சில் வட்டாரங்களுக்குப் புதிதாக ஆள் தேடினார்கள். கோடிடவேண்டிய மூன்றாவது பட்டியல் அது.