கைவிரித்த பிறகு

கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட வீரராஜேந்திரனின் கல்வெட்டு ஒன்று காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் இருக்கிறது. ‘வீரசோழன்’ என்ற ஆதுலர்சாலையின், அதாவது மருத்துவமனையின், கணக்கை அது விரிவாகச் சொல்கிறது. காலம் 11-ஆம் நூற்றாண்டு. படுக்கைகள் 15. மருத்துவர் ஒருவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், மருந்து காய்ச்சிக் கொடுக்கப் பெண்கள் இருவர். இரவில் விளக்கெரிக்க எண்ணெய்க்கும் ஒதுக்கீடு உண்டு. நோவு ராத்திரியில்தான் கூடும் என்பது நோயாளியோடு கண்விழித்தவர்களுக்குத் தெரியும்.

அந்தச் சோழபுரம் இன்று அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. 1995-இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து 2001-இல் பிரிந்த அரியலூர், மறுபடி சேர்க்கப்பட்டு, 2007-இல்தான் நிலையாகத் தனி மாவட்டமானது. அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2022-இல். அதுவரை பெரிய வைத்தியம் என்றால் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ பஸ் ஏற வேண்டும். புற்று முற்றிப்போனவரைக் கொண்டுபோன குடும்பத்துக்கு அங்கே கிடைத்த பதில், “இனி வீட்டுல வெச்சுப் பாத்துக்குங்க.”

எப்படிப் பார்த்துக்கொள்வது?

வலிக்கு அபினியிலிருந்து எடுக்கும் மார்பின் இருந்தது. ஆனால் 1985-இன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு அதை வாங்கி வைக்க உரிமத்துக்கு மேல் உரிமம் கேட்டார்கள். பல மருத்துவமனைகள் அதை வைப்பதையே விட்டுவிட்டன. அபினி விளையும் நாட்டில் ஏழை நோயாளி வலியில் துடித்தது பெருங்கொடுமை. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு தொடங்கிய அமைப்பு, ஊர்க்காரர்களையே துணைக்குச் சேர்த்துக்கொண்டு நோயாளியின் வீட்டுக்குப் போனது. போதைப்பொருள் சட்டம் தளர்ந்தது 2014-இல்.

தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், குணப்படுத்த முடியாதவர்களின் நோவைத் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சையும் சேர்ந்தது. பெரம்பலூரின் 4 ஒன்றியங்களும் அரியலூரின் 6 ஒன்றியங்களும் அதில் அடக்கம். செவிலியர் வீட்டுக்கே வந்து படுக்கைப்புண்ணைக் கழுவிக் கட்டுகிறார், யூரின் டியூப் மாற்றுகிறார். நாற்றமெடுக்கும் புண்ணில் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவச் சொல்லித்தருகிறார். நாற்றம் அடங்கினால்தான் உறவுக்காரர்கள் கட்டில் அருகே உட்காருவார்கள். இரண்டு மணி நேரத்துக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்கப் பழகிக்கொண்ட மருமகளுக்கும் ஒருநாள் தூக்கம் வேண்டும் என்பதையும் இந்தச் சிகிச்சை கணக்கில் எடுக்க வேண்டும்.

உங்கள் தெருவில் யாரேனும் இப்படிப் படுத்திருந்தால், கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இன்றே பெயரைச் சொல்லுங்கள்.