தண்ணீரைக் காட்டிக்கொடுத்த புட்டி

1880களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்தில், வெண்ணெய் ஆலைக்குப் பால் ஊற்றப் போன ஒவ்வொருவருக்கும் பக்கத்து வண்டிக்காரர் மேல் சந்தேகம் இருந்தது. ஆலை எடை போட்டுத்தான் காசு கொடுத்தது. கெட்டிப் பாலுக்கும் தண்ணீர்ப் பாலுக்கும் ஒரே விலை. கலந்தவன் காசு பார்த்தான், கலக்காதவன் ஏமாளியானான். பாலின் அடர்த்தியை அளக்கும் லாக்டோமீட்டரையும் ஏய்க்க முடிந்தது. ஏட்டை எடுத்தால் பாலின் அடர்த்தி கூடும், தண்ணீர் விட்டால் குறையும். இரண்டையும் அளவாகச் செய்துவிட்டால், 'சுத்தமான பால்' என்று லாக்டோமீட்டரே சத்தியம் செய்யும்! ஆலையில் பால் நிறைந்தது, வெண்ணெய்தான் வரவில்லை.

இந்தத் தலைவலி விஸ்கான்சின் பல்கலைக்கழக வேதியியலாளர் ஸ்டீபன் பாப்காக்கிடம் போய்ச் சேர்ந்தது. பாலில் உள்ள கொழுப்பை அளக்க அவர் ஒரு வழி கண்டார். பண்ணை மாடுகளில் ஒன்றைத் தவிர மற்றவற்றின் பாலுக்கெல்லாம் அது சரியாக வந்ததாம். போதும், வெளியிடலாம் என்றார் மேலதிகாரி. பாப்காக் மறுத்துவிட்டார் என்பது கதை. ஒரு மாட்டின் பாலுக்குத் தப்புக் கணக்குச் சொன்னால், அதை வளர்ப்பவன் வயிற்றில்தானே அடி? அவர் மறுபடி ஆய்வுக்கூடத்துக்குள் போனார்.

விடை கந்தக அமிலத்தில் இருந்தது. கொழுப்பைத் தவிர மற்றதையெல்லாம் அது கரைத்தது. புட்டியை வேகமாகச் சுழற்றினால் கொழுப்பு பிரிந்து கழுத்துக்கு ஏறும். அங்கே போட்ட கோடுகளைப் பார்த்தால் சதவீதம் தெரிந்துவிடும். 1890இல் முறையை வெளியிட்ட பாப்காக், காப்புரிமை வாங்கவில்லை. பால்காரர்களை நேர்மையாளர்கள் ஆக்கியதில் இது பைபிளையே மிஞ்சிவிட்டது என்று அம்மாகாண முன்னாள் ஆளுநர் ஹோர்டு வியந்ததாகச் சொல்வார்கள். அடுத்து ஸ்விட்சர்லாந்தின் நிக்லாஸ் கெர்பர் அமைல் ஆல்கஹாலையும் சேர்த்து இன்னொரு முறையை உருவாக்கினார். இந்தியாவில் பரவியது அதுதான். ஆனால் இங்கே சந்தேகம் இடம் மாறிக் காத்திருந்தது.

குஜராத்தின் கேடா மாவட்டத்தில் ஒப்பந்தக்காரர்கள் வைத்ததுதான் பாலுக்கு விலை. 1946இல் விவசாயிகள் 15 நாள் பால் ஊற்ற மறுத்தார்கள். அந்த டிசம்பரிலேயே, பின்னாளில் அமுல் என்று பேர் வாங்கிய கூட்டுறவுச் சங்கம் பதிவானது. ஊர்ச் சங்கத்தில் பாலைச் சோதித்து, கொழுப்புக்குத் தக்கபடி பணம் கொடுத்தார்கள். காலைப் பாலுக்குக் காசு மாலையிலேயே கிடைத்தது. என்றாலும் அமிலமும் குழாயும் இருந்தது சங்கத்து ஆளின் கையில். கோட்டைப் படித்து அவர் சொன்னதுதான் கணக்கு. 'ஃபேட்டைக் குறைச்சுட்டான்' என்ற முணுமுணுப்பை எந்த அமிலத்தால் கரைப்பது?

அதற்கு மின்னணுக் கருவி வரவேண்டியிருந்தது. அமிலம் வேண்டாம், கோட்டைப் படிக்க ஆளும் வேண்டாம். சொட்டுப் பாலை உறிஞ்சியதும் எண் திரையில் விழும், ஊற்றியவர் கண்ணெதிரிலேயே. 2014இல் திருப்பதியில் பெண்களே பங்குதாரர்களாகத் தொடங்கிய ஸ்ரீஜா பால் நிறுவனம் லட்சம் உறுப்பினர்களைத் தாண்டி வளர்ந்தது. பணம் நேரே அவர்களுடைய வங்கிக் கணக்குக்குப் போகிறது. சித்தூர்ப் பக்கத்துப் பால் மையங்களில் லிட்டர், ஃபேட், எஸ்.என்.எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்), விலை என்று அச்சாகி வரும் விரற்கடைச் சீட்டுக்குப் பூர்விகம் அந்த விஸ்கான்சின் புட்டிதான்.

சீட்டாலும் தீர்க்க முடியாத வழக்கு ஒன்று அதே சித்தூர்ப் பக்கத்தில் உண்டு. புங்கனூர்க் குட்டைப் பசுவின் பாலில் கொழுப்பு அதிகம், லிட்டருக்கு நல்ல விலை விழும். ஆனால் அது கறப்பதே கொஞ்சம். மொத்தத் தொகையில் கலப்பின ஜெர்சி ஜெயித்துவிடுகிறது.