வரிக் காகிதமும் ஒரு பியானோவும்

வீட்டு வரி கட்டச் சொல்லி வருகிற காகிதத்தை ஆசையோடு கையில் வாங்குகிறவர்கள் உலகத்தில் உண்டா? நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்கு அது வரும்போதெல்லாம் தொகை எவ்வளவு, கடைசித் தேதி எது என்ற இரண்டை மட்டும் பார்த்துவிட்டு மேஜை இழுப்பறைக்குள் தள்ளிவிடுவது என் வழக்கம். அது எந்த மொழியில் அச்சாகியிருக்கிறது என்று ஒரு நாளும் நான் கவனித்தது கிடையாது.

அந்தக் காகிதத்தின் மொழிக்காகவே ஒரு புருஷனும் மனைவியும் எட்டு வருஷம் வழக்காடினார்கள் என்று படித்தபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மேலே படிக்கப் படிக்கச் சிரிப்பு அடங்கிவிட்டது.

இங்கிலாந்துக்கு மேற்கே ஒட்டிக்கொண்டிருக்கும் வேல்ஸ் நாட்டில் நடந்த கதை இது. லனெல்லி என்ற ஊருக்குப் பக்கத்தில் லங்கெனெக் என்று ஒரு கிராமம். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியான டிரெவர் பீஸ்லியும் அவர் மனைவி ஐலீனும் அங்கே குடியிருந்தார்கள். 1952-ஆம் வருஷம், வட்டார நிர்வாக சபையிலிருந்து அவர்களுக்கு வரிக் காகிதம் இங்கிலீஷில் வந்தது. "எங்கள் மொழியில் அனுப்புங்கள், கட்டுகிறோம்" என்றார்கள் இருவரும். சபை மறுத்துவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வட்டாரத்தில் பெரும்பாலோர் பேசியது வேல்ஷ் மொழிதான். அடுப்படியில் வேல்ஷ், தேவாலயத்தில் வேல்ஷ், சுரங்கத்துக்குள் இறங்கினால் அங்கேயும் வேல்ஷ். மறுப்புச் சொன்ன சபையின் அங்கத்தினர்களும் வேல்ஷ் பேசுகிறவர்கள்தாம்! காகிதம் மட்டும் இங்கிலீஷில்தான் வரும் என்றார்கள்.

தன் வீட்டு மொழியைத் தன் வீட்டு வாசலில் வந்து நிற்கும் காகிதத்துக்குத் தகுதியில்லாதது என்று ஒரு ஜனசமூகமே எப்படி நம்ப ஆரம்பித்தது? இதற்குப் பதில் தேட வேண்டுமானால் நானூறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

1536-இல் எட்டாவது ஹென்றி மன்னர் வேல்ஸை இங்கிலாந்தோடு சட்டப்படி இணைத்தார். நீதிமன்றங்களில் இங்கிலீஷ்தான் நடக்க வேண்டும், இங்கிலீஷ் தெரியாதவனுக்குச் சர்க்கார் பதவி கிடையாது என்று அந்தச் சட்டத்தில் ஒரு ஷரத்து இருந்தது. வேல்ஷ் பேசாதே என்று யாரும் சொல்லவில்லை. பேசினால் உத்தியோகம் இல்லை, அவ்வளவுதான். தடை போட்டிருந்தால் ஜனங்கள் கோபப்பட்டிருப்பார்கள். பதவியைக் காட்டியபோது பெரிய மனிதர்கள் தாமாகவே பிள்ளைகளின் நாக்கை மாற்றத் தொடங்கினார்கள்.

தகப்பனார் மூடிய கதவுக்குப் பக்கத்தில் மகள் ஒரு ஜன்னலைத் திறந்தாள். எலிசபெத் ராணியின் ஆட்சியில், 1563-இல், பைபிளை வேல்ஷில் மொழிபெயர்க்க வேண்டும் என்று சட்டம் வந்தது. மொழியின் மேல் உள்ள அன்பினால் அல்ல. இங்கிலீஷ் தெரியாத ஜனங்களைப் புதிய மதக் கொள்கைக்குள் கொண்டுவர வேறு வழியில்லை. பக்கத்திலேயே இங்கிலீஷ் பைபிளையும் வைக்க வேண்டும், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து ஜனங்கள் இங்கிலீஷ் கற்றுக்கொள்ளட்டும் என்றும் அதே சட்டம் சொல்லிற்று. நடந்தது வேறு. 1588-இல் வில்லியம் மார்கன் என்ற பாதிரியார் முழு பைபிளையும் அழகான வேல்ஷில் வெளியிட்டார். இங்கிலீஷுக்குப் படிக்கட்டாக இருக்கும் என்று எண்ணிய புத்தகம் வேல்ஷ் மொழிக்கே அஸ்திவாரமாகிவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் கிரிஃபித் ஜோன்ஸ் என்ற மற்றொரு பாதிரியார், ஊர் ஊராக இடம் மாறும் பள்ளிக்கூடங்களை வைத்து, குடியானவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் அந்தப் புத்தகத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். மாளிகைகள் கைவிட்ட மொழி குடிசைகளில் எழுத்தறிவோடு வாழ்ந்தது.

அடுத்த அடி பள்ளிக்கூடத்தின் வழியாக விழுந்தது. வேல்ஸில் கல்வி எப்படி இருக்கிறது என்று பார்த்துவர மூன்று இங்கிலீஷ்காரர்கள் அனுப்பப்பட்டார்கள். மூவருக்கும் வேல்ஷ் தெரியாது. 1847-இல் வெளியான அவர்களுடைய அறிக்கை, நீல அட்டை போட்ட புத்தகங்கள், வேல்ஷ் மொழி ஜனங்களின் முன்னேற்றத்துக்கும் ஒழுக்கத்துக்குமே முட்டுக்கட்டை என்ற அபிப்பிராயத்தைச் சொல்லிற்று. 'நீலப் புத்தகங்களின் துரோகம்' என்று அதை இன்றும் அந்த நாட்டில் சொல்கிறார்கள்.

அந்தக் காலத்தில் சில பள்ளிகளில் 'வேல்ஷ் நாட்' என்று ஒரு மரத்துண்டு இருந்தது. வேல்ஷ் பேசிய குழந்தையின் கழுத்தில் அதை மாட்டிவிடுவார்கள். வேறொரு குழந்தை வேல்ஷ் பேசுவதைக் காட்டிக்கொடுத்தால் மரத்துண்டு அதன் கழுத்துக்குப் போகும். மாலை மணி அடிக்கும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அந்தக் குழந்தைக்கு அடி.

இதைச் சர்க்கார் சட்டம் போட்டு நடத்தவில்லை. உள்ளூர் உபாத்தியாயர்கள் நடத்தினார்கள். பெற்றோர்களில் பலர் சம்மதித்தே இருந்தார்கள். நாவல் எழுதுகிறவனான எனக்கு அந்த உபாத்தியாயரை விட, "நன்றாக இங்கிலீஷ் சொல்லிக் கொடுங்கள், ஐயா" என்று பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட தகப்பன்தான் மனசில் நிற்கிறான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். தான் பட்ட கஷ்டம் பிள்ளை படக்கூடாது என்று நினைத்தான். ஆனால் பிழைப்புக்கு இங்கிலீஷ் வேண்டும் என்பதோடு வேல்ஷ் வேண்டாம் என்பதையும் சேர்த்துப் பிள்ளையின் கழுத்தில் கட்டிவிட்டான்.

இதனோடு சுரங்கங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வெளியிலிருந்து வந்து குடியேறிய கூட்டமும் சேர்ந்துகொண்டது. 1901-இல் நாட்டில் ஏறத்தாழப் பாதிப்பேர் வேல்ஷ் பேசினார்கள். 1951-இல் நூற்றுக்கு 29 பேர்தான். அதற்கு மறு வருஷந்தான் பீஸ்லி தம்பதிகள் அந்தக் கடிதத்தை எழுதினார்கள்.

பன்னிரண்டு தடவைக்கு மேல் அவர்களுக்குக் கோர்ட்டிலிருந்து அழைப்பு வந்தது. அமீனாக்கள் வீட்டுக்கு வந்து சாமான்களை ஜப்தி செய்துகொண்டு போனார்கள். நாற்காலி போயிற்று. தரைவிரிப்புப் போயிற்று. ஐலீனின் பியானோவும் போயிற்று. பாட்டும் இசையும் இல்லாத வேல்ஷ் வீட்டை நினைக்கவே முடியாது. ஒரு சுரங்கத் தொழிலாளியின் வீட்டில் பியானோ என்றால் அது எத்தனை நாள் சேமிப்பு! குழந்தைகளை வைத்துக்கொண்டு, வெறுமையாகிவிட்ட கூடத்தில் இருந்தபடி அந்த அம்மாள், "வேல்ஷில் அனுப்புங்கள்" என்று மறுபடியும் அதையே சொன்னாள். 1960-இல் சபை இறங்கிவந்தது. இரண்டு மொழிகளிலும் அச்சிட்ட வரிக் காகிதம் லங்கெனெக்குக்கு வந்து சேர்ந்தது.

1962 பிப்ரவரி 13-ஆம் தேதி, சாண்டர்ஸ் லூயிஸ் என்ற முதிய நாடகாசிரியர் வானொலியில் 'மொழியின் விதி' என்ற பொருளில் ஓர் உரை நிகழ்த்தினார். இப்படியே போனால் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேல்ஷ் மூச்சை விட்டுவிடும் என்று எச்சரித்தார். வழி உண்டா என்ற கேள்விக்குப் பீஸ்லி தம்பதிகளைத்தான் அவர் எடுத்துக்காட்டினார். வேல்ஷ் இல்லாமல் சர்க்கார் காரியம் நடக்காது என்று செய்துவிடுங்கள் என்பதே அவர் சொன்னதன் சாரம். அந்த வருஷமே வாலிபர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். இங்கிலீஷ் மட்டும் இருந்த சாலைப் பலகைகளின் மேல் சாயம் பூசிச் சிறைக்குப் போனார்கள். 1967-இல் ஒரு மொழிச் சட்டம் வந்தது. வேல்ஷுக்குத் தனித் தொலைக்காட்சி தருவதாகச் சொன்ன வாக்கிலிருந்து சர்க்கார் பின்வாங்கியபோது, சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்று 1980-இல் க்வின்ஃபோர் எவன்ஸ் என்ற தலைவர் அறிவித்தார், சர்க்கார் பணிந்தது. 1982-இல் ஒளிபரப்புத் தொடங்கியது. 2011-இல் வேல்ஷ் தன் நாட்டில் சட்டப்படி ஆட்சிமொழி என்ற நிலையைப் பெற்றது.

கதையை இந்த இடத்தில் முடித்தால் மங்களகரமாக இருக்கும். ஆனால் சரித்திரம் நாவலாசிரியனுக்குக் கட்டுப்பட்டதல்ல. 2021 கணக்கெடுப்பில், வேல்ஷ் தெரியும் என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 18 பேர்கூட இல்லை. சுமார் 5 லட்சத்து 38 ஆயிரம் பேர். பத்து வருஷத்துக்கு முன் இருந்ததைவிடக் குறைவு. குறைவு அதிகம் தெரிந்தது குழந்தைகளிடத்தில். 2050-க்குள் பத்து லட்சம் பேர் என்று சர்க்கார் இலக்கு வைத்திருக்கிறது. பள்ளிக்கூடங்களை நம்பியே அந்த இலக்கு நிற்கிறது.

லூயிஸ் பயந்தபடி மொழி சாகவில்லை. அதற்குக் காரணம் அந்தப் போராட்டங்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். 1952-இல் வீட்டுக்குள் மொழி இருந்தது, வரிக் காகிதத்தில் இல்லை. இன்று வரிக் காகிதத்தில் இருக்கிறது. எத்தனையோ வீடுகளுக்குள் இல்லை. காகிதத்தில் மொழியைக் கொண்டுவரச் சட்டத்தால் முடியும். ராத்திரியில் குழந்தையைத் தூங்கவைக்கும் தாயின் வாய்க்குள் எந்தச் சட்டம் நுழைய முடியும்? அதே சமயம், அலுவலகத்தில் மதிப்பில்லாத மொழியைத் தாயும் நாளடைவில் விட்டுவிடுகிறாள் என்பதற்கு, மரத்துண்டைச் சம்மதித்த அந்தத் தகப்பனே சாட்சி. ஒன்று போனால் மற்றதும் மெல்லப் போய்விடுகிறது.

இதை எழுதி முடித்தபின் என் மேஜை இழுப்பறையைத் திறந்து, பழைய வரிக் காகிதம் ஒன்றை எடுத்து முதல் தடவையாக முழுவதும் படித்துப் பார்த்தேன். தமிழில்தான் இருந்தது. நமக்குத் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது 1956-இல். எனக்காக யாரோ கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்கள். நான் ஒரு நாற்காலியைக்கூட இழக்கவில்லை. காகிதத்தின் பங்கு சரியாகத்தான் இருக்கிறது. என் வீட்டுக் கூடத்தின் பங்கு எப்படி இருக்கிறது என்று, பேரக் குழந்தைகள் பேசுவதை இன்று மாலை சற்றுக் காதுகொடுத்துக் கேட்க உத்தேசம்.