சயனோபாக்டீரியா

சயனோபாக்டீரியா, சூரிய ஒளியில் நீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளியிடும் பாக்டீரியத் தொகுதி. கடல், குளம், நெல்வயல், ஈரச் சுவர் என எங்கும் வாழ்கிறது. நீலப்பச்சைப்பாசி என்பது இதன் பழைய பெயர்.

வகைப்பாட்டு வரலாறு

லின்னேயஸ் 1753இல் இத்தொகுதியின் நாஸ்டாக்கைத் தாவரங்களோடு சேர்த்தார். அதன்பின் இரு நூற்றாண்டுகள் இவற்றை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் தாவரவியலாளர்களே. வடிவம், இழையமைப்பு, உறை ஆகியவற்றைக் கொண்டு இனங்களைப் பிரித்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி. வி. தேசிகாச்சாரி 1959இல் வெளியிட்ட ‘சயனோஃபைட்டா’ அம்மரபின் பெரும் நூல்களில் ஒன்று.

உயிரணுவில் உட்கரு இல்லாததால், இவையும் பாக்டீரியாவும் ஒரே வகை அமைப்புடையவை என்று 1962இல் நுண்ணுயிரியலாளர்கள் ஸ்டேனியரும் வான் நீலும் நிறுவினர். பாக்டீரியப் பெயரிடல் விதிகளுக்குள் இவற்றைக் கொண்டுவர 1978இல் ஸ்டேனியர் குழு முன்மொழிந்தது. மறு ஆண்டு ரிப்கா குழு, ஆய்வகத்தில் தனித்து வளர்த்த வகைகளை ஐந்து பிரிவுகளாக்கியது.

பின்னர் வந்த ரைபோசோம் ஆர்.என்.ஏ. (ஆர்.ஆர்.என்.ஏ.) மரபணு ஒப்பீடு அப்பிரிவுகளில் பலவற்றைக் கலைத்தது. ஒற்றை உயிரணு வகைகளும் எளிய இழைகளும் வெவ்வேறு கிளைகளில் சிதறின. ஹெட்டிரோசிஸ்ட் உள்ளவை மட்டும் ஒரே கிளையாகத் திரண்டு நின்றன. சேர்ம நைட்ரஜன் குறைந்தால், இழை வகையான அனபீனாவில் ஏறத்தாழ பத்துக்கு ஓர் உயிரணு தடித்த உறை பூண்டு, ஆக்சிஜன் வெளியிடுவதை நிறுத்திவிடும், அதுவே ஹெட்டிரோசிஸ்ட். காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் செயலிழக்கும் என்பதே காரணம். மறுபடி பிரியாத அந்த உயிரணு, அண்டை உயிரணுக்களுக்கு நைட்ரஜன் ஊட்டுகிறது. இத்தகைய வேலைப்பிரிவினை ஒரே மரபில் தோன்றியதை மரபணுக்கள் உறுதிசெய்தன.

பரிணாமம்

சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் வளிமண்டலத்தில் ஆக்சிஜன் நிலைபெற்றதற்கு இத்தொகுதியே காரணம். இன்று வாழ்பவற்றில் முதலில் கிளைத்தது குளோயோபாக்டர் மரபு. சுவிட்சர்லாந்தின் சுண்ணாம்புப் பாறையில் கிடைத்து 1974இல் விவரிக்கப்பட்ட அதன் இனத்தில், மற்றவற்றில் ஒளிச்சேர்க்கை நடக்கும் தைலகாய்டு சவ்வுகளே இல்லை. ஒளிச்சேர்க்கை செய்யாத நெருங்கிய உறவான மெலைனாபாக்டீரியா 2013இல் விலங்குகளின் குடலிலும் நிலத்தடி நீரிலும் அடையாளம் காணப்பட்டது. ஒளிச்சேர்க்கைத் திறன் சயனோபாக்டீரிய மரபில் பின்னால் வந்து சேர்ந்திருக்கலாம் என்ற கருத்து அதனால் வலுப்பெற்றது.

தாவரங்களில் ஒளிச்சேர்க்கை நடத்தும் பசுங்கணிகம், வேறோர் உயிரணுவுக்குள் குடியேறிய சயனோபாக்டீரியத்தின் வழித்தோன்றல் என்று மெரெஷ்கோவ்ஸ்கி 1905இல் சொன்னார். 1967இல் லின் மார்குலிஸ் அதை மீட்டெடுத்தார். மரபணுச் சான்றுகள் பின்னர் உறுதிசெய்தன. தாவரங்களின் கடைநிலை உறுப்பினர் என்று எண்ணப்பட்ட இத்தொகுதிதான் தாவரங்களுக்கு ஒளிச்சேர்க்கையை வழங்கிய மூதாதை.